சம்பளமும் சிவப்புக் கோடும்

ஆசிரியர் தின மேடையில் பேசுகிறவர்கள் ஆசிரியரின் அர்ப்பணிப்பைப் பற்றி எவ்வளவுக்கெவ்வளவு உருக்கமாகப் பேசுகிறார்களோ அவ்வளவுக்கவ்வளவு அவருடைய சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் தப்பித்துக்கொள்ளுகிறார்கள் என்பது, முப்பது வருஷங்களுக்கு மேலாக அந்த மேடைகளுக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் நான் கண்டறிந்த விஷயம். 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இந்த உருக்கம் அதன் சிகரத்தை எட்டியது. அதற்கு முந்திய மாதத்திலேதான், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி நாட்டின் பணவீக்கம் 69.8 சதவீதமாகவும், உணவுப் பொருள்களின் விலையேற்றம் 94.9 சதவீதமாகவும் பதிவாகியிருந்தன. பால்மாவின் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு கடைப் படியிறங்கிய அதே ஆசிரியர்கள், மேடையிலே தம்மை உருக்கி ஒளிதரும் மெழுகுவர்த்திகள் என்று வருணிக்கப்பட்டார்கள். அந்த நாட்களில் மெழுகுவர்த்தியும் மலிவான பொருளாக இருக்கவில்லை என்பதை எடுத்துச் சொன்ன பேச்சாளர் ஒருவரையும் நான் கேட்கவில்லை.

ஒருவரைத் தியாகி என்று பிரகடனம் செய்துவிட்டால் அவருக்கு உரிய காசைக் கொடுக்க வேண்டிய கடமை தீர்ந்துவிடுகிறது என்று நினைக்கிற மனோபாவம் நம்மிடையே பழையது. ஆயினும் மேடைப் பேச்சு போலியானது என்பதனால், அது தொட்டும் தொடாமலும் விட்டுப் போகிற கேள்வியும் போலியாகிவிடாது. சம்பளத்தின் பெறுமதி பாதியாகச் சுருங்கிய காலத்தில், எண்ணெயும் காகிதமும் மின்சாரமும் கிடையாத காலத்தில், எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்து இடைநிலை ஆசிரியர்களிற் பெரும்பாலோர் பள்ளிக்கூடம் போனார்கள். அவர்களிற் சிலர் முன்னையிலும் நன்றாகப் படிப்பித்தார்கள். வேறு சிலர், போயும் படிப்பிக்கவில்லை. ஒரே சம்பளம், ஒரே விலைவாசி, ஒரே சுற்றுநிருபம். அப்படியிருக்க, இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது? தொண்ணூறுகளிலும் 2022இலுமாக இரண்டு நெருக்கடிகளைக் கடந்தவன் என்ற உரிமையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கு நான் படித்தபோது, ‘ஊக்கல்’ என்பது பரீட்சைக்குத் தவறாமல் வருகிற ஒரு பகுதி. ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் சொன்ன தேவைகளின் படிநிலையைப் பிற்காலத்தவர் வரைந்த முக்கோணமாக வரைந்து, அடியிலே பசியும் தாகமும், அதன்மேல் பாதுகாப்பு, அதன்மேல் உறவு, அதன்மேல் மதிப்பு, உச்சியிலே தன்னியல் நிறைவு என்று பெயர் குறித்தால் முழுப் புள்ளியும் கிடைக்கும். பிரெடெரிக் ஹேர்ஸ்பேர்க் என்ற மற்றோர் அமெரிக்கர், பிற்ஸ்பேர்க் நகரத்துப் பொறியியலாளரையும் கணக்காளரையும் விசாரித்து 1959இல் ஒரு நூலை வெளியிட்டார். சம்பளமும் வேலைச் சூழலும் குறைந்தால் மனிதனுக்கு அதிருப்தி உண்டாகும், ஆனால் அவை கூடினால் மாத்திரம் உற்சாகம் பிறந்துவிடாது, உற்சாகம் வேலைக்குள்ளேயிருந்துதான் பிறக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. மாஸ்லோவை நான் பரீட்சைக்காக மாத்திரம் நம்பினேன். ஹேர்ஸ்பேர்க்கைப் பாதி நம்பினேன். மற்றப் பாதியை நம்பாததற்குக் காரணம், அவர் விசாரித்த மனிதர்களுக்கு மாதச் சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, அந்தச் சம்பளத்துக்குக் கடையிலே பொருளும் இருந்தது என்பதே.

மாஸ்லோவை நம்ப முடியாமற் போனதற்குக் காரணம் வேறு. நான் நியமனம் பெற்றுச் சிறிது காலத்துக்குள், 1990 ஜூன் மாதத்தில் யுத்தம் மறுபடி மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோலும் பற்றறியும் சீமெந்தும் உரமும் தடுக்கப்பட்ட பொருள்களாயின. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றைக் கிளப்புவதற்கு மாத்திரம் ‘சூப்பி’ என்ற சிறு போத்தலாற் சில துளி பெற்றோலை விட்டுக்கொள்வார்கள். சவர்க்காரம் கிடையாத வீடுகளிலே பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். இரவில் எங்களுக்கு வாய்த்தது ஜாம் போத்தல் விளக்கு: போத்தலின் அடியிலே கொஞ்சம் மண்ணெண்ணெய், நடுவிலே கம்பியால் நிறுத்திய மெல்லிய திரி, காற்றுக்கு அணையாமல் போத்தலுக்குள்ளேயே எரிகிற மணிச்சுடர். அந்த வெளிச்சத்திலே விடைத்தாள் திருத்தினால், பிள்ளை எழுதிய மை எது, நான் இட்ட சிவப்பு மை எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அதனாற் பிழைகளின் கீழே வளைகோடும் சரியானவற்றின் அருகே சாய்கோடுமாகப் போட்டுப் பழகினேன். பிற்காலத்தில் மின்சாரம் வந்த பிறகும் அந்த வளைகோடு என் கையை விட்டுப் போகவில்லை. பிள்ளைகளோ ஒரே கொப்பியை முன்னிருந்து ஒரு பாடத்துக்கும் பின்னிருந்து மற்றொரு பாடத்துக்கும் பாவித்தார்கள். முதலிலே பென்சிலால் எழுதி, பக்கங்கள் முடிந்ததும் அதன்மேலேயே பேனையால் எழுதிய பிள்ளைகளும் உண்டு. கரும்பலகை வெளுத்துப்போனபோது கரியையும் ஊமத்தையிலையையும் அரைத்து நாங்களே பூசினோம்.

மாஸ்லோவின் முக்கோணத்தின்படி பார்த்தால், அடிப்படி உடைந்த அந்தக் காலத்தில் எவனும் கல்வியைப் பற்றிக் கனவிலும் எண்ணியிருக்கக் கூடாது. நடந்ததோ எதிர்மாறானது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யுத்தத்தின் காரணமாக வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவிலே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் போன பிறகுகூட, சில வாரங்களுக்குள் மரங்களின் கீழும் பிறர் பள்ளிக்கூடங்களில் மாலை நேரத்திலுமாக வகுப்புகள் தொடங்கிவிட்டன. சம்பளம் பிந்திய மாதங்கள் இருந்தன. அதைக் காரணங்காட்டி வகுப்புக்கு வராமல் நின்ற ஆசிரியரை நான் அறியேன்.

இதை அந்தத் தலைமுறையின் மேன்மைக்கு அத்தாட்சியாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடு சேரமாட்டேன். நாங்கள் இன்றைய ஆசிரியர்களைவிட நல்லவர்களாக இருந்தோம் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்களுடைய வறுமை எல்லாருக்கும் பொதுவாக இருந்தது என்பதே உண்மை. வைத்தியரும் சைக்கிளிலே போனார், சட்டத்தரணியும் சைக்கிளிலே போனார், ஆசிரியரும் சைக்கிளிலே போனார். காசு வைத்திருந்தவனுக்கும் வாங்குவதற்குப் பொருள் இல்லாத ஊரிலே காசில்லாதவனுக்கு வெட்கம் இல்லை. அதற்கு மேலே, உயர்தரப் பரீட்சை என்ற ஒன்றுதான் அந்த மூடுண்ட நிலத்திலிருந்து வெளியே போக ஒரு பிள்ளைக்குத் திறந்திருந்த நேர்வழி; அந்த வழியைக் காட்டக்கூடியவன் என்பதனால் ஊரிலே ஆசிரியனுக்கு இருந்த கணிப்பு, இன்று நினைத்தால் எனக்கே சிறிது கூச்சத்தைத் தருகிறது. தொலைக்காட்சி இல்லை, சினிமா இல்லை, பொழுதைப் போக்குகிற வேறு சாதனம் இல்லை. பின்னேரத்திலே ஒரு பொருளியற் பாடம் இரண்டு மணித்தியாலம் நீண்டாலும் பிள்ளைகள் எழும்பமாட்டார்கள். அப்படிக் கேட்கிற கூட்டம் கிடைத்தால், எந்த மனிதனுக்கும் பேச உற்சாகம் வரத்தானே செய்யும்?

2022இன் கஷ்டம் அப்படிப்பட்டதன்று. அந்த ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்திலே ரூபாவின் பெறுமதி சந்தையின் போக்குக்கு விடப்பட்டது. ஏறக்குறைய 200 ரூபாவுக்கு நின்ற அமெரிக்க டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவளவுக்குப் போயிற்று. வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் அறிவித்தது. இவற்றையெல்லாம் பத்திரிகைகள் நாடு முழுவதற்கும் பொதுவான துக்கமாக எழுதின. யாழ்ப்பாணத்து ஒழுங்கையிலே நிலைமை வேறு. ஆசிரியரின் வீட்டுக்கு அடுத்த வீட்டிலே, கனடாவிலிருந்து மகன் அனுப்புகிற அதே டொலர், முன்னையைக் காட்டிலும் ஏறக்குறைய முக்கால் மடங்கு கூடிய ரூபாவாக வந்து இறங்கியது; ஆசிரியரின் வீட்டிலோ அதே சம்பளம் பாதிப் பொருளாகச் சுருங்கியது. ஒரே வேலியின் இரண்டு பக்கமும் ஒரே நெருக்கடி இரண்டு விதமாக நடந்தது. தொண்ணூறுகளிலே இல்லாத வெட்கம் இப்போது வந்தது. உயர்தர வகுப்பிலே ஒரு மாணவன் எழுந்து, “சேர், மாமா கனடாவில ஒரு கிழமையில எடுக்கிறதை நீங்கள் ரெண்டு மாசத்தில எடுப்பியளோ?” என்று கேட்டான். அதிலே கேலி ஒன்றும் இல்லை. வெளிநாடு போவதா, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையின் நியாயமான கேள்வி அது. எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு நாணய மாற்றுவீதத்தைப் படிப்பித்தேன். வகுப்பு நன்றாகவே நடந்தது. ஆனால் அன்று பின்னேரம் ஆசிரியர் ஓய்வறையிலே இளம் ஆசிரியர் ஒருவர், இதே கேள்வியைத் தம்மிடமும் கேட்டார்கள் என்றும், தாம் பதில் சொல்லாமற் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டதாகவும் சொன்னபோது, அந்த வருஷம் எங்களுக்கு உண்மையிலே என்ன குறைந்தது என்பது எனக்குச் சிறிது துலங்கியது.

எனினும் அந்த வருஷத்திலேதான் என் உத்தியோக காலத்தின் மிகச் சிறந்த பாடங்களில் ஒன்று அமைந்தது. செப்டெம்பர் மாதத்து விலைச் சுட்டெண் வெளியான பிறகு, தரம் பன்னிரண்டுப் பிள்ளைகளுக்குப் பணவீக்கம் என்ற அலகைத் தொடங்கினேன். அப்போது 2013ஐ அடியாண்டாகக் கொண்டிருந்த கூடை ஒன்றை வைத்துக்கொண்டு, கொழும்பு நகரத்துக் குடும்பங்கள் வாங்குகிற பொருள்களின் விலை எவ்வளவு ஏறியது என்று கணிப்பதுதான் அந்தச் சுட்டெண். எங்களுடைய பிள்ளைகளின் வீட்டுக் கூடையோ கொழும்பின் கூடையன்று. ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கடைக்கொப்பியிலிருந்து, அதாவது மூலைக் கடையிலே கடனுக்கு வாங்குவதைக் குறித்துவைக்கிற கொப்பியிலிருந்து, சென்ற வருஷத்து ஒரு மாதத்தையும் இந்த வருஷத்து அதே மாதத்தையும் எழுதிக்கொண்டு வரும்படி சொன்னேன். இது யாருக்கும் மனத்தாங்கலைத் தரக்கூடாதென்று, பெயரில்லாத காகிதத்திலே எழுதலாம், விரும்பாதவர்கள் கற்பனைக் குடும்பம் ஒன்றை எழுதலாம் என்றும் சொல்லியிருந்தேன்.

காகிதங்கள் வந்தன. பெரும்பாலானவற்றிலே கூட்டுத்தொகை ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ ஏறியிருந்தது. ஒன்றிலே மாத்திரம் சென்ற வருஷம் 14,000 ரூபா, இந்த வருஷம் 15,500 ரூபா என்று இருந்தது. உத்தியோகபூர்வமான உணவுப் பணவீக்கத்தின்படி அது 27,000 ரூபாவைத் தாண்டியிருக்க வேண்டும். கணக்கிலே பிழை என்று பின்வாங்குப் பையன்கள் சொன்னார்கள். கடைக்காரர் சொந்தக்காரராக இருக்கும் என்றான் ஒருவன். அப்போது ஒரு பிள்ளை, தன்னுடைய காகிதம் அது என்பதை மறைக்காமலே, “கணக்குச் சரி சேர். அம்மா இப்ப மீன் வாங்கிறேல்லை, பால்மா வாங்கிறேல்லை. சீனி காற்கிலோதான். கூடையே வேற” என்றாள்.

அந்த வாக்கியத்தை எந்தப் பாடநூலும் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்காது. நிலையான கூடையைக் கொண்டு அளக்கிற சுட்டெண், மனிதர்கள் கூடையையே மாற்றிக்கொள்ளுகிறார்கள் என்பதை அளப்பதில்லை. செலவு ஏறவில்லை என்பது கஷ்டம் இல்லை என்பதற்கு அத்தாட்சியன்று, சில வீடுகளிலே அதுவே கஷ்டத்தின் அத்தாட்சி. இதைப் பிள்ளைகளே வாதாடிக் கண்டுபிடித்தார்கள். மணி அடித்தும் எழும்பாமல், அப்படியானால் எதை அளக்க வேண்டும் என்று கேட்டார்கள். கலோரியை அளக்கலாம் என்றாள் ஒருத்தி. வேண்டாமென்று விட்ட பொருள்களின் பட்டியலை எடுக்கலாம் என்றான் இன்னொருவன். நான் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு வாங்கிலே உட்கார்ந்துவிட்டேன். அந்த மாதச் சம்பளம் எனக்கு என்னத்துக்குப் போதியது, எதற்குப் போதவில்லை என்பது இப்போது ஞாபகத்தில் இல்லை. அந்தப் பாடம் ஞாபகத்தில் இருக்கிறது. ஹேர்ஸ்பேர்க்கின் பாதியை நான் நம்புகிறேன் என்றேனே, அந்தப் பாதி இதுதான். வேலை தன்னுடைய முழு உருவத்தோடு நடக்கும்போது, அதுவே மறுநாளும் மனிதனை இழுத்துக்கொண்டு போகும்.

ஆனால் வேலை நடப்பதற்கு ஆசிரியர் பள்ளிக்கூடம் போய்ச் சேர வேண்டும். யாழ்ப்பாணத்திலே குடியிருந்து கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் நாளாந்தம் போய்வருகிற ஆசிரியர்கள் ஏராளம். அரசாங்கமே அவற்றிற் பல இடங்களைக் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறது. கடைசி வருஷங்களில் நானும் அவர்களில் ஒருவன். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு வானைப் பேசிக்கொண்டு ஏ-9 வீதியிலே விடியற்காலையிலே புறப்படுவோம். வருஷத் தொடக்கத்திலே லீற்றர் 177 ரூபாவாயிருந்த பெற்றோல் ஜூன் மாத முடிவிலே 470 ரூபாவாயிற்று. டீசலும் அதன் பின்னாலேயே ஏறியது. விலை கொடுத்தாலும் கிடைக்கவில்லை. ஜூன் கடைசியிலிருந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஜூலை 25ஆம் திகதி கிழமைக்கு மூன்று நாள் என்று மறுபடி திறந்தபோது, கியூஆர் அட்டையின்படி மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று பங்கீடு வந்தது. இரவிரவாக வரிசையிலே நின்று, விடிய வீட்டுக்கு வந்து முகங் கழுவி, அப்படியே வகுப்புக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

இந்த இடத்திலேதான் நான் கேட்ட கேள்விக்கு விடையின் பெரும்பகுதி கிடக்கிறது. எங்கள் வானிலே வந்தவர்கள் இரண்டு பள்ளிக்கூடங்களுக்குப் போகிறவர்கள். ஒன்றிலே, காலை ஏழரை மணிக்கு ஆசிரியர் வரவுப் பதிவேட்டிலே சிவப்புக் கோடு இழுக்கப்படும். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தவருடைய லீவு கழியும். எண்ணெய் வரிசை, பஸ் இல்லாமை, வான் பழுது எதுவும் அந்தக் கோட்டை ஓர் அங்குலமும் நகர்த்தியதில்லை. அதிபர் கெட்ட மனிதரல்லர்; மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர், சட்டத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார். சில மாதங்களிலே அங்கே நடந்ததென்னவென்றால், ஆசிரியர்கள் எப்படியோ கோட்டுக்கு மேலே கையெழுத்து வைக்கப் பழகினார்கள். வைத்த பிறகு, அன்றைய கடமை தீர்ந்தது என்ற எண்ணத்தோடு ஓய்வறையிலே உட்காரவும் பழகினார்கள். பதிவேடு பூரணமாயிருந்தது. வகுப்புகள் வெறுமையாயிருந்தன.

எங்கள் அதிபர் ஓர் அம்மையார். பள்ளிக்கூடம் திறந்த முதல் நாளே எங்களைக் கூப்பிட்டு, “நீங்கள் எல்லாரும் எத்தினை மணிக்கு வந்து சேருவியள் எண்டு உண்மையைச் சொல்லுங்கோ, நான் அதுக்கேற்ற மாதிரி நேரசூசியைப் போடுறன்” என்றார். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு முதலாம் பாடம் இல்லாமல் நேரசூசி மறுபடி எழுதப்பட்டது. உள்ளூர் ஆசிரியர்கள் முறுமுறுக்காமலில்லை. அவர்களுக்குப் பிற்பகற் பாடங்கள் குறைக்கப்பட்டன. போதாததற்கு மூன்று வகுப்புகளை ஒன்றாக மண்டபத்திலே இருத்தி, முதலாம் பாடத்தை அவர் தாமே எடுத்தார். ஒரு சதமும் செலவில்லை. பொய் சொல்ல வேண்டிய அவசியத்தை எங்களிடமிருந்து எடுத்துவிட்டார் என்பதே அவர் செய்த உபகாரம். களைத்துப் போய் வந்து இறங்கிய ஆசிரியனை நம்புகிற ஒரு மனிதர் வாசலிலே நின்றால், அவன் நேரே வகுப்புக்குப் போவான்; சந்தேகிக்கிற ஒரு கோடு மேசையிலே கிடந்தால், அந்தக் கோட்டுக்கு மாத்திரம் பதில் சொல்லுவான்.

காலைப் பிரார்த்தனையிலே பிள்ளைகள் மயங்கி விழத் தொடங்கியதும் அந்தப் பருவத்திலேதான். இலவச மதிய உணவு பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிடுகிற ஏற்பாடு; பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பசியில்லை என்று அதை வகுத்தவர்கள் நினைத்தார்கள் போலும். ஆசிரியைகள் வீட்டிலிருந்து ஒரு பார்சல் கூடுதலாகக் கொண்டுவந்தார்கள். அதைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. நானும் அதிகம் எழுதப் போவதில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, அப்படியானால் மரியாதையும் நேரசூசியும் போதும், சம்பளத்தைக் கூட்ட வேண்டியதில்லை என்று யாராவது முடிவுக்கு வந்தால், அவர் மறுபடியும் மெழுகுவர்த்தி மேடைக்கே போய்விட்டார் என்று அர்த்தம். ஆசிரியர் அதிபர் வேதன முரண்பாடு 1997 முதல் இழுபட்டு வந்த விவகாரம். அதற்காக 2021 ஜூலை 12ஆம் திகதி தொடக்கம் ஒக்டோபர் 25ஆம் திகதிவரை, கொரோனாக் காலத்து இணையவழிக் கற்பித்தலைப் பகிஷ்கரித்து நாடு முழுவதும் போராட்டம் நடந்தது. நானும் அதிலே நின்றேன். பிள்ளைகளின் படிப்பைப் பணயம் வைக்கிறீர்கள் என்று திட்டியவர்களிற் பலர், அதற்கு முந்திய மாதங்களிலே அதே பிள்ளைகளுக்குப் படிப்பிக்க நாங்கள் எங்கள் காசிலே டேட்டா அட்டை வாங்கியபோது வாய் திறக்காதவர்கள். கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரியிலிருந்து கிடைத்தது. அது கைக்கு வந்த சுருக்கிலேயே விலைவாசி அதை விழுங்கிவிட்டது. அதற்குள் மத்திய வங்கி ஏப்ரல் மாதத்திலே கொள்கை வட்டி வீதங்களை ஒரே முறையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்த, மாறும் வட்டிக்கு வீட்டுக்கடன் எடுத்திருந்த ஆசிரியர்களின் சம்பளப் பட்டியலிலே கழிவுகள் போக மிஞ்சிய தொகை, பார்த்தவர்களை மௌனமாக்கியது. வெள்ளிக்கிழமைகளிலே அரச ஊழியர் வீட்டிலிருந்து பயிர் செய்யலாம் என்று ஜூன் மாதத்திலே மந்திரிசபை தீர்மானித்ததும் நினைவிருக்கிறது; முந்திய வருஷம் இரசாயன உரத்தைத் தடைசெய்து வயலையே வெளிறவைத்த நாட்டிலே அது சற்றுச் சுவையான யோசனைதான்.

ரியூசனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நான் ஒளித்தவனாவேன். கணிதம், விஞ்ஞானம், வணிகம் படிப்பிக்கிறவர்கள் பின்னேர வகுப்புகளால் அந்த வருஷத்தைக் கடந்தார்கள். சங்கீதமும் சித்திரமும் சமயமும் படிப்பிக்கிறவர்களுக்கு அந்த வழியும் இல்லை. பள்ளிக்கூடத்திலே பாதியை வைத்துக்கொண்டு ரியூட்டரியிலே மீதியைப் படிப்பிக்கிறவர்கள் உண்டு என்ற குற்றச்சாட்டு எல்லா இடத்திலும் பொய்யன்று. ஆனாலும் கவனித்திருக்கிறேன்: பள்ளிக்கூடத்திலே நன்றாகப் படிப்பிக்க இடம் கிடைத்தவர், ரியூட்டரியிலே காசு வாங்கினாலும் பள்ளிக்கூடத்திலே குறை வைப்பதில்லை. இரண்டு இடத்திலும் அதே மனிதர், அதே கர்வம். கர்வமில்லாத ஆசிரியனை நான் அதிகம் நம்புவதில்லை.

போனவர்களும் இருக்கிறார்கள். சம்பளமில்லா லீவிலே வெளிநாடு போகலாம் என்று அந்த வருஷ நடுவிலே வழி திறந்தபோது, எங்கள் வானிலே வந்த இரசாயனவியல் ஆசிரியர் அதிலே போய்விட்டார். அவர் போனதைத் துரோகம் என்று பேசினார்கள். அவர் என்னிடம் சொன்னது வேறு. “காசுக்காக மட்டும் இல்லை அண்ணை. ஆய்வுகூடத்தில அமிலம் இல்லை, குழாய் இல்லை, ஒண்டும் இல்லை. வருஷக்கணக்கா வெண்கட்டியாலயே இரசாயனம் படிப்பிச்சுக் களைச்சுப் போனன்.” காசு கிடைத்திருந்தாலும் அவர் போயிருப்பார் என்று நான் சொல்லவில்லை. அமிலம் கிடைத்திருந்தால் ஒரு வருஷம் பிந்திப் போயிருப்பார் என்று நினைக்கிறேன். உயர்தர வகுப்பொன்றுக்கு ஒரு வருஷம் சிறிய காலமன்று. அவருடைய இடத்துக்கு நான் ஓய்வுபெறும்வரை ஒருவரும் வரவில்லை.

ஓய்வு என்பது எனக்கும் திடீரென்றே வந்தது. அரச ஊழியர் அறுபத்தைந்து வயதுவரை வேலை பார்க்கலாம் என்று அந்த வருஷத்துத் தொடக்கத்திலே இருந்த ஏற்பாடு மாறி, அறுபதைத் தாண்டியவர்கள் எல்லாரும் 2022 டிசம்பர் 31ஆம் திகதியோடு போகவேண்டும் என்று வந்தது. செலவைக் குறைக்கிற அரசாங்கத்துக்கு அது நியாயமாகத் தோன்றியிருக்கும். ஆனால் நெருக்கடியினாலே பிந்திப்போன 2022ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை, 2023 ஜனவரி 23ஆம் திகதிதான் தொடங்க இருந்தது. என்னுடைய பிள்ளைகளுக்குச் சென்மதி நிலுவை என்ற அலகு பாதியிலே நின்றது. டொலர் இல்லாமல் நாடு வங்குரோத்தான வருஷத்திலே பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு அந்த அலகை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஜனவரி முதல் வாரத்திலே வழக்கம் போல வானிலே ஏறினேன். வான்காரர் என்னிடம் பாதிக் காசுதான் வாங்கினார். மற்றவர்கள் அதைப் பங்குபோட்டுக்கொண்டார்கள் என்பதைப் பிறகு அறிந்தேன்.

அதிபர் அம்மையார், ஓய்வுபெற்றவர் வகுப்பெடுப்பதற்கு அனுமதி வேண்டுமே என்று அன்றைக்கே மேலிடத்துக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுதி, அதன் பிரதியை என்னிடம் தந்துவிட்டு, “பதில் வரட்டும் சேர், நீங்கள் வகுப்புக்குப் போங்கோ” என்றார். சென்மதி நிலுவை முடிந்தது, மீட்டலும் முடிந்தது, பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். எவ்வித கொடுப்பனவுமின்றிப் பாட ஆசிரியராகத் தொண்டாற்றத் தங்களுக்கு இத்தால் அனுமதி வழங்கப்படுகிறது என்ற பதில், பெப்ரவரி மாதக் கடைசியிலே வந்து சேர்ந்தது.